பத்து மணி அட்டை

தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் அதற்கு மியூச்சுவல் என்று பெயர். ஒருவன் ஷிப்டை இன்னொருவன் பார்ப்பான். வேறொரு நாள் அவன் ஷிப்டை இவன் பார்ப்பான். சூப்பர்வைசரிடம் சொல்வதில்லை. டோக்கனை மாற்றிக்கொண்டால் போதும். கேட்டில் இருப்பவர் நம்பரைப் பார்த்து எழுதுவார். முகத்தைப் பார்ப்பதில்லை.

2011 ஆடியில் கொம்பையா எல்லப்பனிடம் மியூச்சுவல் கேட்டான். ஊரில் கோயில் கொடை. ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்துக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தான். எல்லப்பன் மணிமங்கலத்துக்காரர். நாற்பது வயது. பிரஸ் ஷாப்பில் எங்காவது சிரிப்புச் சத்தம் கேட்டால் அவர் அங்கே நிற்கிறார் என்று அர்த்தம்.

“போய்ட்டு வா. சாமிய நானும் விசாரிச்சேன்னு சொல்லு. அல்வா இல்லாம திரும்பி வந்தேன்னு வையி, டோக்கன் கெடைக்காது.”

“அல்வா திருநவேலில்லா அண்ணே. எங்கூரு பக்கம் பிரியாணிதான். அல்வாக்கு நான் எங்க போவேன்?”

“அது உன் பாடு.”

கொம்பையாவின் மெஷின் நான்காம் நம்பர் பிரஸ். அது எப்போதாவது ரெட்டை அடி அடிக்கும். ஒருமுறை இறங்கி ஏறிய பிறகு, பெடலை மிதிக்காமலே இன்னொரு முறை இறங்கும். கொம்பையாவுக்கு அது பழக்கம். ஒரு மூச்சு பொறுத்து, இடுக்கியால்தான் பீஸை எடுப்பான். எல்லப்பனிடம் சொல்ல நினைத்திருந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஊரில் மேளம் தொடங்கியபோது போன் வந்தது. எல்லப்பனுக்கு வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. கட்டை விரல் மட்டும் மிஞ்சியிருந்தது.

கொம்பையா அல்வா வாங்காமல் திரும்பினான். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ரெட்டை அடி விஷயத்தைச் சொன்னான்.

“தெரிஞ்சிருந்தா இடுக்கி எடுத்திருப்பேன்” என்றார் எல்லப்பன். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரகடம் கூட்டுரோட்டில் கொட்டிக்கிடந்த மணலில் கொம்பையாவின் பைக் சறுக்கியது. எலும்பு முறியவில்லை. வலது தோளில் நரம்பு இழுபட்டிருக்கிறது என்றார்கள். கை அசைந்தது. ஆனால் தோளிலிருந்து விரல் நுனிவரை எரிந்தது. காய்ந்த மிளகாயைக் கிள்ளிய விரல் எரிவதுபோல் கை முழுவதும். மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வந்தது. எரிச்சல் போகவில்லை. கம்பெனியில் அவனை பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

எல்லப்பனுக்கும் எரிந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் இல்லை. விரல்களில்.

“உனுக்கு கீற வெரலு எரியுது. எனுக்கு இல்லாத வெரலு எரியுது. டாக்டரு எதுக்கு மருந்து போடுவாரு, நீயே சொல்லு” என்று அவர் அப்போது சிரித்தார்.

அடுத்த தீபாவளிக்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கம்பெனி அவருக்கு கேட்டில் ரிஜிஸ்டர் எழுதும் வேலை கொடுத்தது. இடது கையால் எழுத வரவில்லை. லாரி டிரைவர்கள் காத்திருந்தார்கள். ஒரு வாரம் போனார். பிறகு போகவில்லை. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. கரண்ட் போன பிறகும் அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருப்பதாக ராஜம்மா சொன்னாள்.

ராஜம்மா அவர் மனைவி. ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கினாள். அங்கிருந்து கொம்பையாவுக்கு போன் செய்தாள்.

“நேத்து இன்னா சொன்னாரு தெரியுமாப்பா? நான் இல்லேன்னா உனுக்கு ஒரு ஆளு சோறு மிச்சம்னு சொல்றாரு. நான் இன்னா பண்றது? வேலைக்கு வந்தா கையும் ஓட மாட்டேங்குது.”

“நான் வாரேன் மதினி.”

“அண்ணின்னு சொல்லு. மதினியாம்” என்றாள். பிறகு அழுதாள்.

கொம்பையா கைக்காகப் போய்வந்த மருத்துவக் கல்லூரியில் அப்போது ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் தீராத வலி உள்ளவர்கள், அதோடு மனமும் சோர்ந்து போனவர்கள், இவர்களுக்கு. தலையில் மெல்லிய மின்சாரம் வைப்பார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை, மயக்கம் இல்லை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம். ஞாயிறும் சனியும் விட்டு நான்கு வாரம். கொம்பையா தன் பெயரைக் கொடுத்தான். எல்லப்பனையும் ராஜம்மாவையும் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் இளம்பரிதி பொறுமையானவர். இது ஷாக் இல்லை என்று மூன்று முறை சொன்னார்.

எல்லப்பன் தலைக்கு மேலே நின்றுபோயிருந்த மின்விசிறியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“ஊரு பூரா கரண்ட்டு கட்டு. என் தலைக்கு மட்டும் எங்கேர்ந்து வருது சார்?”

“இது பேட்டரிலதான் ஓடும்.”

“அப்ப நானும் இன்வெர்ட்டர் வச்ச ஆளுதான்.”

டாக்டர் சிரித்தார். ராஜம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாதிப் பேருக்கு மின்சாரம் வரும், மற்றவர்களுக்கு வருவதுபோல் மட்டும் இருக்கும், யாருக்கு எது என்பது முடியும்வரை எங்களுக்கே தெரியாது என்றார் டாக்டர். கொம்பையா தலையாட்டினான். யாருக்கும் தெரியாத ஒன்றைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தான். கையெழுத்துப் போட்டான். எல்லப்பன் இடது கைப் பெருவிரலை வைத்தார்.

ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கிடைத்தது. எல்லப்பன் முப்பத்தொன்று, காலை பத்து மணி. கொம்பையா முப்பத்திரண்டு, மாலை மூன்று மணி. அட்டையின் பின்பக்கம் நாளுக்கு இரண்டு கோடுகள். ஒன்று வலிக்கு, ஒன்று மனதுக்கு. பூஜ்யத்திலிருந்து பத்துவரை. அன்றைக்கு எங்கே இருக்கிறோம் என்று பேனாவால் குறிக்க வேண்டும். நேரத்தை மாற்ற முடியாது. மூன்று நாள் வராதவர் பெயர் நீக்கப்படும். அடுத்தவர் அட்டையைப் பயன்படுத்தினால் அட்டை ரத்து. இவை அட்டையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தன. கம்பெனி டோக்கனிலும் இதே மாதிரி எழுதியிருக்கும்.

அறையில் ஒரு நாற்காலி. ஒரு திரை. ஒரு சின்னப் பெட்டி. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகள். ஒன்று தலையின் இடது பக்கம், இன்னொன்று வலது புருவத்துக்கு மேல். ரப்பர் வாரால் கட்டுவார்கள். இருவருக்கும் வலி வலது கையில் என்பதால் இருவருக்கும் அதே இடம்தான். அட்டையில் உள்ள நம்பரைப் பெட்டியில் அழுத்துவார்கள். முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு ஒன்றும் இருக்காது. காதோரம் உப்புத் தண்ணீர் வழியும். அழுத்துகிறவர்கள் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். வாரத்துக்கு ஒருவர் மாறினார்கள்.

2013 பிப்ரவரியில் முதல் வாரம். கொம்பையாவுக்கு ஏ ஷிப்ட். இரண்டரைக்கு முடிந்து மூன்று மணிக்கு ஓடினான். எரிச்சல் அப்படியே இருந்தது. கோட்டில் ஏழு என்று குறித்தான். ஐந்து நாளும் ஏழு.

வெள்ளிக்கிழமை ராஜம்மா போன் செய்தாள்.

“அவரு நேத்து ரசம் கேட்டாருப்பா. வச்சிக் குடுத்தேன். உப்பு கம்மின்னு திட்டுறாரு.”

“திட்டுதாரா?”

“நல்லா திட்டுறாரு” என்றாள். “ராத்திரி தூங்குனாருப்பா. நான்தான் தூங்கல. மூச்சு வருதா வருதான்னு பாத்துகினே இருந்தேன்.”

இரண்டாம் வாரம் கொம்பையாவுக்கு பி ஷிப்ட். இரண்டரைக்கு உள்ளே போக வேண்டும். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க முடியாது. எல்லப்பனுக்கு போன் செய்தான்.

“அண்ணே, ஒரு மியூச்சுவல்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது.

“எத்துகினு போ” என்றார் எல்லப்பன். “எனுக்கு பத்து மணின்னா இன்னா, மூணு மணின்னா இன்னா. வூட்லதானே குந்தினு கீறேன்.”

ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் அட்டையை வாங்கும் அம்மா நம்பரைப் பார்த்து எழுதினார். முகத்தைப் பார்க்கவில்லை. கொம்பையா எல்லப்பன் அட்டையில் தன் வலியைக் குறித்தான். வேறு யார் வலியைக் குறிப்பது? மூன்று மணிக்கு எல்லப்பன், கொம்பையா அட்டையில் இடது கையால் தன் வலியைக் குறித்தார்.

மூன்றாம் வாரம் கொம்பையாவுக்கு இரவு ஷிப்ட், பத்து மணி அட்டை அவனிடமே இருந்தது. காலையில் அப்படியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிப்போனான். புதன்கிழமை பயிற்சிப் பிள்ளை தட்டி எழுப்பியபோது ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. என்னவென்று தெரியவில்லை. வெளியே வந்து டீ வாங்கினான். கிளாஸை வலது கையில் பிடித்திருந்தான். டீ முடியும்வரை கீழே வைக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது. கை எரியவில்லை. சூடு இருந்தது. அது டீயின் சூடு.

அன்றைக்குக் கோட்டில் நாலு. வெள்ளிக்கிழமை மூன்று. மனதின் கோட்டில் என்ன குறிப்பது என்று அவன் அதுவரை யோசித்ததில்லை. சும்மா ஐந்து என்று போட்டுவந்தான். வெள்ளிக்கிழமை எட்டு என்று போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லப்பன் போன் செய்தார். அவராகப் போன் செய்வது அபூர்வம்.

“தம்பி, நாளைக்கு உனுக்கு ஏ ஷிப்ட்தானே? என் கார்டைக் குடுத்துடு. நான் பத்து மணிக்கே போறேன்.”

“ஏண்ணே?”

“காலைல போனப்ப நல்லாருந்துச்சுடா. இந்த மூணு மணில ஒண்ணும் இல்ல. மறுபடி தூக்கம் போச்சு.”

கொம்பையா அறை வாசலில் நின்றிருந்தான். வலது கையில் வாளி. வாளியில் தண்ணீர். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கையில் தண்ணீர் தூக்கியிருந்தான். காலை பத்து மணி தனக்கு ராசி என்று அவன் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். காலை நேரம், வெறும் வயிறு. காரணம் ஏதாவது இருக்கும்.

“ஏ இல்லண்ணே. இந்த வாரம் மறுபடி பி ஷிப்ட்தான்.”

“அப்டியா?”

“ஆமாண்ணே. ஆள் இல்லயாம்.”

“சரி வுடு. நீயே வச்சிக்க” என்றார் எல்லப்பன்.

போனை வைத்துவிட்டு கொம்பையா பேக்கிங்கில் இருந்த சுடலைக்கண்ணுவிடம் பேசினான். சுடலைக்கண்ணுவின் பி ஷிப்டை வாங்கிக்கொண்டு தன் ஏ ஷிப்டைக் கொடுத்தான்.

நான்காம் வாரம் முடிந்தது. அட்டைகளை மேசையில் கொடுத்துவிட்டார்கள்.

மாசியும் பங்குனியும் கொம்பையாவுக்கு நன்றாக இருந்தன. பைக்கை மறுபடி எடுத்தான். தண்ணீர் கேனை வலது தோளில் வைத்து மாடிப்படி ஏறினான். அறையில் இருந்தவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். தலைக்கு சார்ஜ் போட்டு வந்திருக்கிறான் என்றார்கள். இரண்டு முறை மணிமங்கலம் போனான். எல்லப்பன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் லேட்டாத்தான் வந்துது. பொறுங்கண்ணே” என்றான்.

“அதான் முடிஞ்சிடுச்சே” என்றார் அவர்.

அட்டையைக் கொடுத்து நாற்பது நாள் போயிருக்கும். ஒருநாள் பெட்டிக்கு டேப் ஒட்டும்போது சுண்டு விரலில் மெல்ல எரிந்தது. டேப்பின் பசை என்று நினைத்துக் கை கழுவினான். மறுநாள் பக்கத்து விரல். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் கை முழுவதும் வந்துவிட்டது. தோள்வரை. முன்பைவிட அதிகமா, அல்லது நடுவில் இரண்டு மாதம் நிம்மதியாக இருந்ததால் அப்படித் தெரிகிறதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் கேனை இடது தோளுக்கு மாற்றினான். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் கடிதம் வந்தது. ஆராய்ச்சி முடிந்தது. உங்கள் எண் முப்பத்திரண்டு. உங்களுக்கு மின்சாரம் தரப்படவில்லை. நீங்கள் விரும்பினால் இப்போது இருபது நாட்கள் உண்மையான சிகிச்சை தரப்படும். உங்கள் அட்டை இத்துடன் உள்ளது, அதே நேரம்.

கொம்பையா இரண்டு முறை படித்தான். மின்சாரம் இல்லாமலா கை சரியானது? கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பயிற்சிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். சத்யப்பிரியா என்ற டெக்னீஷியன் மட்டும் இருந்தாள். பஞ்சுப் பட்டைகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், யாருக்கு கரண்ட் குடுக்கணும்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

“ஆளெல்லாம் அதுக்குத் தெரியாது. நம்பர்தான். கார்டு நம்பரை அடிச்சா போதும். இந்த நம்பருக்கு குடு, இந்த நம்பருக்கு குடுக்காதன்னு உள்ளயே செட் பண்ணி வச்சிருக்கும்.”

“முப்பத்தொண்ணு?”

“அடுத்தவங்களுது நான் சொல்லக்கூடாது. ஏன்?”

“சும்மா கேட்டேன் மேடம்.”

அவன் வெளியே வந்து பைக் பக்கத்தில் நின்றான். முதல் ஐந்து நாள் எல்லப்பன் ரசம் கேட்டது. தூங்கியது. உப்பு கம்மி என்று திட்டியது. பிறகு பதினைந்து நாள் அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தது. காலைநேரமும் வெறும் வயிறும் ஒன்றுமில்லை. அட்டைதான்.

அன்று மாலை மணிமங்கலம் போனான். ராஜம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கும் கடிதம் வந்திருந்தது.

“என் தம்பி பலராமன் படிச்சான்” என்றாள் தாழ்ந்த குரலில். “இவருக்கு கரண்ட்டு குடுத்தாங்களாம். வலி எட்டுலேர்ந்து மூணுக்கு எறங்கிடுச்சாம். மனசும் நல்லாயிடுச்சாம். பேப்பர்லயே போட்டுக்கீறான், அப்புறம் இன்னாத்துக்கு இந்த நடிப்புன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டான்.”

“அண்ணன் என்ன சொன்னாவ?”

“ஒண்ணுமே சொல்லல. அன்னிலேர்ந்து வலிக்குதுன்னும் சொல்றதில்ல.”

உள்ளே எல்லப்பன் பாயில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. டிவி ஓடவில்லை. கரண்ட் இருந்தது.

“வா” என்றார். “லெட்டரு பாத்தியா?”

“பாத்தேண்ணே.”

“எனுக்கு கரண்ட்டு வுட்டாங்களாம். எனுக்குத்தான் ஏறல. மிஷின் மேல தப்பு இல்ல.” துண்டைப் பார்த்தார். “நான் நல்லாயிட்டேன்னு எழுதிட்டாங்கடா. அப்ப இங்க குந்தினு கீறது யாரு?”

கொம்பையா அவர் எதிரே உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். அட்டை, நம்பர், கோட்டில் அவன் போட்ட மூன்று. கடைசி வாரம் ஏ ஷிப்ட் என்பதை மறைத்தது. சுடலைக்கண்ணுவிடம் பி ஷிப்ட் வாங்கியது. ராஜம்மா வாசற்படியில் நின்று கேட்டாள். அவள் கையில் பாதி மடித்த சட்டை இருந்தது.

எல்லப்பன் கையில் இருந்த துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

“ராசியான டோக்கன்டா உன்னுது” என்றார்.

கொம்பையா தலை நிமிரவில்லை.

“எனக்கு இருபது நாள் தாராங்க அண்ணே. முப்பத்திரண்டுக்கு. நிஜக் கரண்ட். நீங்க போங்க.”

“அது உன்னுது.”

“எனக்கு எதுக்கு? எனக்குத்தான் சுத்தமா போயிட்டுல்லா.”

அவன் எழுந்தான். அடுப்படி ஓரத்தில் தண்ணீர் நிறைந்த குடம் இருந்தது. வலது கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். இடுப்புயரம் தூக்கி, நிறுத்தி, மறுபடி அதே இடத்தில் வைத்தான். சிந்தவில்லை. தோளிலிருந்து நகம்வரை தீ ஓடியது. முகத்தை அடுப்படிப் பக்கம் வைத்துக்கொண்டான்.

“பாத்தியளா?”

“டாக்டரு கிட்ட உண்மைய சொல்லிடலாம்பா” என்றாள் ராஜம்மா. “அவரு நல்ல மனுசன்தானே.”

“சொன்னா ரெண்டு கார்டும் ரத்து மதினி. கீழ எழுதியிருக்கு.”

டாக்டர் அப்படிச் செய்வாரா என்று அவனுக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கத் துணிவில்லை.

ஜூலை முதல் வாரம் இருவரும் போனார்கள். கொம்பையாவுக்கு ஏ ஷிப்ட். எல்லப்பன் கையில் துண்டு. சத்யப்பிரியா அட்டையை வாங்கிப் பதிவேட்டைத் திறந்தாள். வலது தோள், பைக் விபத்து, நரம்புக் காயம். படித்துவிட்டுத் துண்டைப் பார்த்தாள்.

“உங்க பேரு?”

கொம்பையா கதவருகே நின்றிருந்தான்.

“கொம்பையா” என்றார் எல்லப்பன்.

“ஊரு?”

“சங்கரங்கோயிலு. இன்னாமா, ரேஷன் கார்டு வேணுமா?”

அவள் கதவருகே நின்றவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் பஞ்சுப் பட்டையை உப்புத் தண்ணீரில் நனைத்தாள்.

“நாளைக்கு கரெக்டா மூணு மணிக்கு வந்துடணும், கொம்பையா” என்றாள்.

முதல் வாரம் முடிவில் எல்லப்பன் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாம் வாரம் தூங்கினார். இல்லாத விரல்கள் இன்னும் இருந்தன, ஆனால் தூரத்தில் இருந்தன என்று சொன்னார். பக்கத்து வீட்டில் வலிப்பதுபோல் இருக்கிறது என்றார். மூன்றாம் வாரம் வாய் திறந்துகொண்டது.

“நான்தான் கொம்பையா ஆயிட்டேனே. ஊர்ல எனுக்கு இன்னும் பொண்ணு பாக்கலியா?”

“மதினிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்.”

“அவகிட்ட ஏன்டா கேக்குற. துரோகி.”

ஒருநாள் பஸ்ஸில் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். இடது கையால் எழுதிப் பழகியிருந்தார். லாரி நம்பர்கள். மணிமங்கலம் சாலையில் போகும் லாரிகளை வாசலில் உட்கார்ந்து பார்த்து எழுதினாராம். முதல் பக்கத்தில் எழுத்து சரிந்து விழுந்தது. ஏழாம் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது.

ராஜம்மா கேன்டீனில் எல்லோருக்கும் மிக்சர் கொடுத்ததாக போனில் சொன்னாள். எதற்கு என்று கேட்டவர்களிடம் சும்மா என்றாளாம்.

இருபதாம் நாள் வெள்ளிக்கிழமை. எல்லப்பன் காதோரம் உப்புத் தண்ணீரைத் துடைத்தபடி வெளியே வந்தார். அட்டையை மேசையில் கொடுத்தாகிவிட்டது. இனி அட்டை இல்லை. ஆராய்ச்சி முடிந்தது, இனிமேல் இது இங்கே கிடையாது என்று சத்யப்பிரியா சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் நின்றார்கள். டீ வந்தது.

“கம்பெனில பேசிட்டேன்” என்றார் எல்லப்பன். “திங்கக்கெழமைலேர்ந்து கேட்டுல ரிஜிஸ்டரு. லாரிக்காரன் எவனும் நிக்க வேணாம். சரசரன்னு எழுதுவேன். ஹெச்.ஆர். சாரு நோட்டைப் பாத்துட்டு சரின்னுட்டாரு.”

“நல்லதுண்ணே.”

“ராஜம்மாவ வேலைய வுட்டு நிறுத்திடலாம்னு பாக்குறேன். அவளுக்கும் முட்டி வலி. நின்னுகினே வேலை.”

“கொஞ்ச நாள் போகட்டுமே அண்ணே.”

“ஏன்?”

“இல்ல, சும்மா.”

எல்லப்பன் டீயை ஊதினார். சாலையில் கம்பெனி பஸ்கள் போயின. ஜன்னல்களில் தலை சாய்த்துத் தூங்கும் பையன்கள், பெண்கள்.

“இந்த மாசம் உங்க ஊருல கொடைதானே?” என்றார். “போய்ட்டு வா. ரெண்டு வருசமா போவல நீ. நான் போவச் சொன்னேன்னு போ.”

“சரிண்ணே.”

“அல்வா?”

“வாங்கிட்டு வாரேன்.”

எல்லப்பன் சிரித்தார். பிறகு, கேட்க வேண்டாம் என்று வைத்திருந்ததைக் கேட்பவர்போல், கிளாஸைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி. இது இப்டியே இருக்கும் இல்ல?”

கொம்பையா மனதில் நாட்களைப் போட்டுப் பார்த்தான். நாற்பது நாள் என்றால் ஆவணி பாதி. முதலில் சுண்டு விரலில் தொடங்கும். இவருக்குச் சுண்டு விரல் இல்லை. எங்கே தொடங்கும் என்று தெரியவில்லை.

“இருக்கும்ணே” என்றான். “எனக்கு இருக்குல்லா.”

எல்லப்பன் அவனைப் பார்த்தார். அவன் கிளாஸைப் பார்த்தார். அது இடது கையில் இருந்தது.

“சோத்துக் கைல புடிடா” என்றார்.

கொம்பையா கிளாஸை வலது கைக்கு மாற்றினான். டீ முடியும்வரை கீழே வைக்கவில்லை.